குண்டின் இறக்கமும் குறியின் ஏற்றமும்

குழலை விட்டு வெளியேறிய கணத்திலிருந்தே ரைபிள் குண்டு விழத் தொடங்குகிறது. அதன் வேகம் புவியீர்ப்பை நிறுத்தி வைப்பதில்லை. காற்றை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், தரைக்கு இணையாகச் சுடப்பட்ட குண்டும் அதே உயரத்தில் கையிலிருந்து நழுவிய குண்டும் ஒரே நேரத்தில்தான் தரையைத் தொடும். குண்டு முதலில் மேலே எழும்பிப் பிறகு இறங்கும் என்று வேட்டை முகாம்களில் சொல்லப்படுவது பாதி உண்மைதான். குழலை நேராக நீட்டினால் வரும் கோட்டுக்கு மேலே குண்டு ஒருபோதும் போவதில்லை. ஸ்கோப் வழியாகக் கண் பார்க்கும் கோட்டைத்தான் அது கீழிருந்து மேலாகக் கடக்கிறது.

காரணம் எளியது. ஸ்கோப் குழலுக்கு மேலே ஏறத்தாழ ஒன்றரை அங்குல உயரத்தில் அமர்ந்திருக்கிறது. அதன் பார்வைக்கோடு வளையாது. மரத்திலுள்ள மாங்காய்க்குக் கல் எறிபவர் காய்க்குச் சற்று மேலே பார்த்து எறிவது போல, பார்வைக்கோட்டை ஒப்பிடும்போது குழல் இம்மியளவு மேல்நோக்கிச் சாய்த்து அமைக்கப்படுகிறது. எனவே குண்டு பார்வைக்கோட்டை இரண்டு முறை வெட்டுகிறது. முதல் முறை குழல்வாய்க்கு அருகே, முப்பது நாற்பது கெஜத்துக்குள், மேலேறும்போது. இரண்டாம் முறை தொலைவில், கீழிறங்கும்போது. இந்த இரண்டாவது வெட்டுமிடத்தைத்தான் வேட்டைக்காரர்கள் ‘ஜீரோ’ என்கிறார்கள். ரைபிளை 200 கெஜத்துக்கு ஜீரோ செய்வது என்றால், குறுக்கிழைகள் சந்திக்கும் புள்ளியிலேயே அந்தத் தொலைவில் குண்டு படும்படி ஸ்கோப்பைத் திருகி நிறுத்துவது.

அமெரிக்க மேற்கு மாநிலங்களான வயோமிங், ஐடஹோ, மொன்டானாவின் மலைச்சரிவுகளிலும் புல்வெளிகளிலும் இந்தக் கணக்கு அன்றாடப் பிழைப்போடு ஒட்டியது. அங்கே மியூல் மான், பிராங்ஹார்ன், எல்க் ஆகியவற்றை உரிமம் பெற்று வேட்டையாடுவோரை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் உண்டு. மரங்கள் நெருங்கிய காட்டில் 100 கெஜத்துக்கு அப்பால் விலங்கே கண்ணில் படாது. அங்கே இறக்கம் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மறைவே இல்லாத சேஜ் புதர்வெளியிலோ, நடுவே பள்ளத்தாக்கு விழுந்த இரண்டு முகடுகளுக்கு இடையிலோ, 300 கெஜம் என்பது சாதாரணத் தொலைவு.

அந்த நாட்டில் நன்கு வேரூன்றிய தோட்டாக்களில் ஒன்று .270 வின்செஸ்டர். 1925இல் அறிமுகமானது. 130 கிரெய்ன் எடையுள்ள, அதாவது எட்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவான குண்டை விநாடிக்கு 3,060 அடி வேகத்தில் வெளித்தள்ளக்கூடியது. இதை 200 கெஜத்துக்கு ஜீரோ செய்தால், 100 கெஜத்தில் குண்டு குறிக்கு ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் மேலே போகும். 300 கெஜத்தில் ஆறரை அங்குலம் கீழே, 400இல் சுமார் 19, 500இல் சுமார் 38 அங்குலம் கீழே. இந்த எண்களை ஒன்றன் பின் ஒன்றாக வைத்துப் பார்ப்பவருக்குப் பாதி பாடம் முடிந்துவிடும். 200இலிருந்து 300 வரையுள்ள நூறு கெஜத்தில் இறக்கம் ஆறரை அங்குலம். அடுத்த நூறில் பன்னிரண்டரை. அதற்கடுத்த நூறில் 19. தொலைவு ஒரே அளவாகக் கூடக் கூட, இறக்கம் தாவித் தாவிக் கூடுகிறது. பறக்கும் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது வீழ்ச்சி என்பது ஒரு காரணம். போகப் போகக் குண்டு வேகம் இழப்பதால் ஒவ்வொரு நூறு கெஜத்தையும் கடக்க முந்தைய நூறைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது என்பது இன்னொன்று.

இந்த வேக இழப்பு எவ்வளவு பெரியது என்பதை முதலில் அளந்து காட்டியவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ். எறியப்பட்ட பொருள் செல்லும் பாதை பரவளையம் என்று கலிலியோ 1638இல் எழுதிவிட்டார். பீரங்கிக்காரர்கள் அதைக் கொண்டே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ராபின்ஸ் ஒரு கனத்த ஊசலைத் தொங்கவிட்டு, அதன் மேல் குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கண்டுபிடித்தார். வேகமான குண்டின் மீது காற்று செலுத்தும் தடை யாரும் எண்ணியதைவிட மிகப் பெரியது என்று அதனால் தெரியவந்தது. 1742இல் அவர் நூல் வெளிவந்தது. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராகச் சோழமண்டலக் கரைக்கு வந்து, கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையைப் பலப்படுத்தும் பணியில் இருந்தபோது 1751இல் காய்ச்சல் கண்டு இறந்தார். இன்று பல தோட்டாப் பெட்டிகளின் மீது அச்சாகும் இறக்க அட்டவணை அந்த ஊசலிலிருந்து கிளைத்த அறிவு. அந்தக் கோட்டையை ஒட்டிய தேவனாம்பட்டினக் கடற்கரைக்குப் போகும் தமிழர்களில் அவர் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே என்பது வருத்தத்துக்குரியது.

இறக்கத்தை ஈடுகட்டும் வழிகளில் மிகச் சிறந்தது, ஈடுகட்டவே தேவையில்லாத தொலைவை முடிந்தவரை நீட்டிக்கொள்வது. மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி எட்டு முதல் பத்து அங்குலக் குறுக்களவு கொண்டது. பாதுகாப்புக்காக அதை ஆறு அங்குலம் என்றே வைத்துக்கொண்டால், குண்டின் பாதை பார்வைக்கோட்டுக்கு மூன்று அங்குலம் மேலே, மூன்று அங்குலம் கீழே என்ற வரம்புக்குள் இருக்கும்வரை நடுவில் குறிவைத்தால் போதும். .270 ரைபிளை 250 கெஜத்தை ஒட்டி ஜீரோ செய்தால், அந்த வரம்பு ஏறத்தாழ 300 கெஜம் வரை நீள்கிறது.

‘அவுட்டோர் லைஃப்’ இதழில் பல்லாண்டுகள் எழுதிய ஜாக் ஓ’கானர் இந்த முறையை ஒரு தலைமுறைக்கே பழக்கியவர். அரிசோனாவில் 1902இல் பிறந்து, பிற்காலத்தில் ஐடஹோவின் லூயிஸ்டன் நகரில் குடியேறி, 1978இல் மறைந்தவர். .270 தோட்டாவின் புகழில் பெரும்பங்கு அவர் எழுத்துக்கு உரியது. 100 கெஜத்தில் மூன்று அங்குலம் மேலே படும்படி வைத்துக்கொள், அதன் பிறகு ஸ்கோப்பைத் தொடாதே என்பது அவர் பரிந்துரைத்த வழியின் சாரம். அப்படி வைத்தால் 275 கெஜத்தை ஒட்டி ஜீரோ விழும்; 300இல் குறிக்கு ஓரிரு அங்குலம் கீழே மட்டுமே படும். இடையில் 150, 200 கெஜங்களில் நான்கு அங்குலம் வரை மேலே போகும் என்பதுதான் இதன் விலை. எல்க் போன்ற பெரிய விலங்குக்கு அது பொருட்டல்ல. சிறிய பிராங்ஹார்னைக் கழுத்தருகே குறிவைப்பவருக்குப் பொருட்டு. ஆகவே சிறு விலங்கைத் தேடிப் போகிறவர் 200 கெஜ ஜீரோவிலேயே நிற்பது நல்லது.

300 கெஜத்தைத் தாண்டும்போது குறியை மேலேற்றியே ஆக வேண்டும். பழைய முறை, விலங்கின் உடலையே அளவுகோலாகக் கொள்வது. வளர்ந்த மியூல் மான் கிடாவின் மார்பாழம், முதுகுக் கோட்டிலிருந்து நெஞ்சடி வரை, சுமார் 18 அங்குலம். 200 கெஜ ஜீரோ உள்ள .270இன் குறுக்கிழையை 300 கெஜத்தில் அதன் முதுகுக் கோட்டில் நிறுத்தினால், குண்டு ஆறரை அங்குலம் இறங்கி நுரையீரலின் மேற்பாதியில் பாயும். அதே கிடா 400 கெஜத்தில் நின்றால், குறுக்கிழையை முதுகுக்கும் மேலே பத்து அங்குலம் வெறுவெளியில் நிறுத்த வேண்டிவரும். இங்கேதான் அனுபவம் மிக்க வழிகாட்டிகள் நிறுத்தச் சொல்கிறார்கள். குறுக்கிழை ரோமத்தின் மேல் இருக்கும்வரை சுடலாம். இழைக்கும் விலங்குக்கும் இடையே வானம் தெரிந்தால் சுடக் கூடாது. வெறுவெளியில் பத்து அங்குலத்தைக் கண்ணளவால் பிடிப்பது, படபடக்கும் நெஞ்சோடு, யாராலும் நம்பிக்கையாகச் செய்யக்கூடியதல்ல.

அடுத்தது, ஸ்கோப்புக்குள்ளேயே கூடுதல் குறிகளை வைப்பது. லூப்பால்ட் நிறுவனம் 1962இல் கொண்டுவந்த ‘டூப்ளெக்ஸ்’ குறுக்கிழையில் வெளிப்பக்கம் தடித்த கோடுகளும் நடுவில் மெல்லிய கோடுகளும் இருக்கும். மெல்லிய கோடு முடிந்து தடித்த கோடு தொடங்கும் கீழ்முனையை இரண்டாவது குறிப்புள்ளியாக வேட்டைக்காரர்கள் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். பின்னர் வந்த ஸ்கோப்புகளில் நடுப்புள்ளிக்குக் கீழே 300, 400, 500 கெஜங்களுக்கென்றே குறுங்கோடுகளோ சிறு வட்டங்களோ பொறிக்கப்பட்டன. விலங்கின் மேல் உரிய குறியை வைத்து விசையை இழுத்தால் போதும். எதையும் திருக வேண்டாம். விலங்கு நகரத் தயாராக நிற்கும் அவசரத்தில் இதைவிட விரைவான வழி கிடையாது.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க வேட்டை ஸ்கோப்புகளில் பெரும்பாலானவற்றில் குறுக்கிழை, உருப்பெருக்கும் அமைப்புக்குப் பின்னால், கண்ணின் பக்கம் உள்ளது. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் விலங்கு பெரிதாகும். கோடுகள் அதே அளவில் நிற்கும். எனவே கீழ்க்குறிகள் குறிப்பிட்ட ஒரே உருப்பெருக்கத்தில், வழக்கமாக மிக உயர்ந்ததில், மட்டுமே உண்மை பேசும். 9 மடங்கில் 300 கெஜத்துக்கென அமைந்த கோடு, நாலரை மடங்கில் இரண்டு பங்கு இறக்கத்தைக் காட்டும். காலையில் புதருக்குள் நடக்கும்போது உருப்பெருக்கத்தைக் குறைத்து வைத்தவர், பிற்பகலில் 300 கெஜத்தில் மானைக் கண்டதும் அதைக் கூட்ட மறந்து அந்தக் கோட்டை வைத்துச் சுட்டால், குண்டு ஆறு அங்குலத்துக்கு மேல் உயரே போகும். நுரையீரலைத் தவறவிட்டு முதுகுத்தண்டை ஒட்டிப் பாயும், அல்லது விலங்கைத் தாண்டிவிடும். குறுக்கிழை முன்பக்கக் குவியத்தில் அமைந்த ஸ்கோப்பில் இந்தத் தொல்லை இல்லை. விலங்கோடு சேர்ந்து கோடுகளும் பெரிதாகும். ஆனால் குறைந்த உருப்பெருக்கத்தில், மங்கிய அந்தி வெளிச்சத்தில், அந்தக் கோடுகள் முடியிழையாக மெலிந்து கண்ணுக்குத் தப்பிவிடும்.

மூன்றாவது வழி, ஸ்கோப்பின் மேலுள்ள திருகைத் திருப்பிக் குறுக்கிழையையே நகர்த்துவது. இதற்குக் கோண அளவு தெரிந்திருக்க வேண்டும். ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கை எம்.ஓ.ஏ. என்கிறார்கள். அது 100 கெஜத்தில் ஒரு அங்குலத்தைவிட இம்மியளவு அதிகம். 400 கெஜத்தில் நான்கு அங்குலத்துக்குச் சற்று மேல். பெரும்பாலான திருகுகள் ஒவ்வொரு கிளிக்குக்கும் கால் எம்.ஓ.ஏ. நகரும். மேலே சொன்ன .270க்கு 300 கெஜத்தில் 2 எம்.ஓ.ஏ., அதாவது 8 கிளிக்; 400இல் நாலரை, 18 கிளிக்; 500இல் ஏழே கால், 29 கிளிக். ஐரோப்பிய ஸ்கோப்புகளில் பரவலான மில் கணக்கில் ஒரு கிளிக் என்பது 100 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர். இரண்டில் எது உயர்ந்தது என்ற வாதம் வீண். கோடுகளும் திருகும் ஒரே அளவுமுறையில் இருந்தால் போதும்.

திருகுவது துல்லியமானது, குறுக்கிழையின் நடுப்புள்ளியையே விலங்கின் மேல் வைக்கலாம் என்ற மனநிம்மதியும் தருகிறது. அதற்கு ஈடாகக் கேட்பது ஒழுக்கம். 500 கெஜத்துக்குத் திருகி வைத்த பின் அந்த விலங்கு முகட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. வேட்டைக்காரர் எழுந்து நடக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து 150 கெஜத்தில் வேறொன்று நிற்கிறது. திருகைப் பழைய நிலைக்குத் திருப்பாதவரின் குண்டு குறிக்கு ஒரு அடிக்கு மேல் உயரே பறக்கும். இவ்வளவு அருகில் நின்ற விலங்கு எப்படித் தப்பியது என்று திகைத்து நிற்பவர்களிடம் வழிகாட்டி முதலில் கேட்பது, திருகு எந்த எண்ணில் நிற்கிறது என்பதைத்தான். ஜீரோவில் தானே நிற்கும் தடுப்புள்ள திருகுகள் இதனால்தான் பணம் கொடுத்து வாங்கத் தகுந்தவை. தடுப்பு இருந்தாலும், இடத்தைவிட்டு எழும் முன் திருகைக் கையால் தொட்டு ஜீரோவுக்குக் கொண்டுவரும் பழக்கமே நம்பத்தக்கது.

இவை எல்லாம் தொலைவு தெரிந்தால்தான் பயன்படும். இறக்கம் என்பது ரைபிள் வேட்டையில் மிகத் துல்லியமாக முன்கூட்டிச் சொல்லக்கூடிய பிழை. புவியீர்ப்பு நேற்றும் இன்றும் ஒன்றே. அட்டவணை பொய் சொல்வதில்லை. அட்டவணையில் எந்த வரியைப் படிப்பது என்பதில்தான் மனிதர் தவறுகிறார். உண்மையில் 250 கெஜத்தில் நிற்கும் மானை 200 என்று எண்ணிச் சுட்டால் குண்டு மூன்று அங்குலத்துக்குள்தான் தாழும்; மான் அங்கேயே விழும். 450இல் நிற்பதை 400 என்று எண்ணித் திருகிச் சுட்டால் ஆறு அங்குலத்துக்கும் மேல் தாழும். நெஞ்சடியைக் கிழிக்கும், அல்லது முன்னங்காலை ஒடிக்கும். இரண்டிலும் தவறு அதே ஐம்பது கெஜம்தான். முதலாவது தவறை ரைபிள் மன்னிக்கிறது. இரண்டாவதை விலங்கு சுமந்துகொண்டு ஓடுகிறது. காயம்பட்ட எல்க்கை மாலை முழுதும் இரத்தத்துளி தேடிப் பின்தொடர்ந்தும் காணாமல் திரும்புவது இந்தத் தொழிலில் மிகக் கனமான அனுபவம். தொலைவு தெரியாமல் விசையைத் தொடுவதை மன்னிக்க இயலாது என்று சொல்வது அதனால்தான்.

கண்ணளவு பெரிதும் ஏமாற்றும். பள்ளத்தாக்கைத் தாண்டிப் பார்க்கும்போதும், மங்கிய ஒளியிலும் விலங்கு இருப்பதைவிடத் தொலைவாகத் தோன்றும். பளிச்சென்ற மலைவெயிலிலும் பனிப்பரப்பிலும் நெருங்கி நிற்பதுபோல் தோன்றும். 1960களில் ரெட்ஃபீல்ட் நிறுவனம் தன் ஸ்கோப்பில் இரண்டு கிடைக்கோடுகளை வைத்து, மானின் 18 அங்குல மார்பாழம் அவற்றுக்கிடையே பொருந்தும்வரை உருப்பெருக்கத்தைத் திருப்பினால் தொலைவு எண் தெரியும்படி செய்தது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் எல்லா மானுக்கும் மார்பு 18 அங்குலம் இல்லை. 1990களில் கையடக்க லேசர் தொலைவுமானிகள் வேட்டைக்காரர்களின் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்ததுதான் இந்தக் கலையில் நேர்ந்த மிகப் பெரிய மாற்றம். புதிய தோட்டாக்களும் புதிய கண்ணாடிகளும் செய்யாததை அது செய்தது. அதையும் கவனமாகவே பயன்படுத்த வேண்டும். முன்னால் நிற்கும் புதரிலோ பின்னால் உள்ள பாறையிலோ லேசர் பட்டுத் திரும்பினால் எண் தவறும். இரண்டு மூன்று முறை அளந்து, அருகிலுள்ள பாறையையும் அளந்து ஒப்பிடுவது வழக்கம்.

மலையில் சரிவும் கணக்கில் சேர வேண்டும். புவியீர்ப்பு செங்குத்தாக இழுப்பதால், விலங்குக்கும் துப்பாக்கிக்கும் இடையிலுள்ள கிடைத்தொலைவே இறக்கத்தைத் தீர்மானிக்கிறது. 30 டிகிரிச் சரிவில் 400 கெஜத்தில் நிற்கும் விலங்குக்குக் கிடைத்தொலைவு 346 கெஜம்தான். முழு 400க்கும் திருகிச் சுட்டால் குண்டு சுமார் ஐந்து அங்குலம் மேலே போகும். மேட்டைப் பார்த்துச் சுட்டாலும் பள்ளத்தைப் பார்த்துச் சுட்டாலும் பிழை மேல்நோக்கியே. பள்ளத்தில் சுடும்போது கீழே போகும் என்று நம்பி மேலும் ஏற்றிப் பிடிப்பவர் பிழையை இரட்டிப்பாக்குகிறார். சரிவைக் கணக்கிட்டுக் கிடைத்தொலைவையே காட்டும் தொலைவுமானிகள் இப்போது உண்டு.

தோட்டாப் பெட்டியிலுள்ள வேகம் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. வேட்டைக்காரரின் குழல் 22 அங்குலமாக இருந்தால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் விநாடிக்கு இருபது முப்பது அடி குறையும். நூறு அடி வேகக் குறைவு 500 கெஜத்தில் ஏறத்தாழ மூன்று அங்குலக் கூடுதல் இறக்கமாக வெளிப்படும். கடும் குளிரில் வெடிமருந்து மெதுவாக எரிந்து வேகத்தை மேலும் குறைக்கலாம். மறுபுறம், கடல்மட்டத்தில் ஜீரோ செய்த ரைபிளை 7,000 அடி உயர மலைக்குக் கொண்டுபோனால், மெல்லிய காற்றில் தடை குறைந்து 500 கெஜத்தில் ஓரிரண்டு அங்குலம் மேலே படும். 300 கெஜத்துக்குள் இவை எதுவும் உணரப்படாது. அதற்கு அப்பால் போக எண்ணுபவர் வேகமானியில் தம் ரைபிளின் உண்மை வேகத்தை அளந்து, தமக்கென அட்டவணை தயாரித்து, அதை 300, 400, 500 கெஜங்களில் தாளைச் சுட்டுச் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்கப்படாத அட்டவணை வெறும் ஊகம்.

ஸ்கோப்பின் திருகையும் சோதித்தாக வேண்டும். 100 கெஜத்தில் உயரமான தாளில் தூக்குநூல் கொண்டு செங்குத்துக் கோடு வரைந்து, அடியிலுள்ள புள்ளியைக் குறிவைத்துச் சுட வேண்டும். பிறகு 20 எம்.ஓ.ஏ. ஏற்றி, அதே புள்ளியைக் குறிவைத்து மறுபடி சுட வேண்டும். இரண்டு துளைக்கூட்டங்களுக்கும் இடையே ஏறத்தாழ 21 அங்குலம் இருந்து, இரண்டும் கோட்டின் மேலேயே விழுந்தால் திருகு நேர்மையானது. மேல்கூட்டம் பக்கவாட்டில் விலகினால் ஸ்கோப் சாய்ந்து பூட்டப்பட்டிருக்கிறது. ரைபிளை ஐந்து டிகிரி சாய்த்துப் பிடித்தாலே 500 கெஜத்தில் ஐந்து அங்குலம் பக்கத்தில் போய்விடும். மலைச்சரிவில் படுத்திருப்பவருக்குத் தாம் சாய்ந்திருப்பது தெரிவதில்லை.

இத்தனையும் சரியாக அமைந்த பிறகு மீதியிருப்பது காற்று. மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று .270 குண்டை 300 கெஜத்தில் ஆறு அங்குலமும், 500இல் ஒன்றரை அடியும் தள்ளிவிடும். அது இறக்கத்தைப் போல அட்டவணைக்குள் அடங்காது. சுடுபவர் இருக்கும் இடத்தில் புல் அசையாமலும், பள்ளத்தின் நடுவில் பலமாகவும், விலங்கின் அருகே எதிர்த்திசையிலும் வீசலாம். 500 கெஜத்தைக் கடக்கக் குண்டுக்கு ஏறத்தாழ 0.6 விநாடி ஆகிறது. விசை அழுந்திய பின் மேய்ந்துகொண்டிருக்கும் எல்க் ஓர் அடி எடுத்துவைக்க அது போதும். தியோடர் ரூஸ்வெல்ட்டும் நண்பர்களும் 1887இல் நிறுவிய பூன் அண்டு கிராக்கெட் கிளப், நெடுந்தொலைவுச் சூட்டை நியாயமான வேட்டை என்று ஏற்கத் தயங்குவதற்கு இத்தகைய காரணங்கள் இருக்கின்றன. தாளில் 600 கெஜத்தில் அடிப்பவர்களும் விலங்கைக் கண்டால் தவழ்ந்து 300க்குள் போவதையே விரும்புகிறார்கள்.

முகாமுக்கு வந்து சேர்ந்ததும் முதல் வேலை ஜீரோவைச் சரிபார்ப்பது. விமானப் பயணத்திலும் குதிரைச் சேணத்திலும் குலுங்கிய ஸ்கோப் நகர்ந்திருக்கக்கூடும். குழல் ஆறிய நிலையில் சுடும் முதல் குண்டு எங்கே படுகிறது என்பதே முக்கியம். வேட்டையில் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஒரு குண்டுதான். அது உரிய இடத்தில் பட்டால், தொலைவும் கிளிக்கும் எழுதிய சிறு துண்டுத்தாளைத் துப்பாக்கிக் கட்டையின் பக்கவாட்டில், நனையாதபடி ஒட்டும்நாடா போட்டு ஒட்டிக்கொள்கிறார்கள். மின்கலம் தீர்ந்தாலும், கைப்பேசி குளிரில் அணைந்தாலும், அந்தத் தாளைப் படிக்கலாம்.